உழைப்பால் கனிந்த குரல்: சங்கீத பிதாமகர் செம்மங்குடி சீனிவாச ஐயர்

கலைமகளைப் போற்றும் நவராத்திரித் திருநாள்களில் ஆலயங்கள் தோறும் இன்னிசை முழங்குகின்றது. கொலுவின் முன் அமர்ந்து சின்னஞ்சிறு பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுப் பெற்றோர் உள்ளம் பூரிக்கின்றனர். அப்பிள்ளைகளுள் சிலருக்கு இறைவன் தேனினும் இனிய சாரீரத்தை அளித்திருக்கிறான். வேறு சிலருக்கோ குரல் கரகரக்கிறது. மேல் ஸ்தாயியை எட்டும்போது தடுமாறுகிறது. இத்தகைய பிள்ளைகளுக்கு இனி இசை எதற்கு என்று பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. இரண்டாண்டு பயின்றவுடன் தம் பிள்ளை மேடையேறிப் புகழ்பெற வேண்டுமென அவசரப்படுவோரும் உண்டு. இவ்விரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை வரலாறு செம்மங்குடி சீனிவாச ஐயருடையது.

கர்நாடக இசையுலகம் சங்கீத பிதாமகர் என்று பெருமதிப்புடன் அழைத்த அப்பெரியார், பிறவியிலேயே இனிய குரல் வாய்க்கப் பெற்றவர் அல்லர். மூக்கொலியும் கரகரப்பும் கலந்த கனத்த குரலே அவருக்கு வாய்த்தது. அக்குரலைக் கொண்டே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் அவர் இசைமேடையை ஆண்டார்.

காவிரிக் கரையில் பிறப்பு

தஞ்சைத் தரணியில் காவிரியின் வடகரையில் அமைந்துள்ள திருத்தலம் திருக்கோடிக்காவல். அப்பரும் சம்பந்தரும் பாடிப் பரவிய தலம் அது. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், ராதாகிருஷ்ண ஐயருக்கும் தர்மசம்வர்த்தினி அம்மாளுக்கும் மைந்தராகச் சீனிவாசன் தோன்றினார். திருக்கோடிக்காவல் அவருடைய தாய்மாமன் ஊர். தந்தையின் ஊர், இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ள செம்மங்குடி. அவ்வூரின் பெயரே பிற்காலத்தில் அவருக்குரிய பெயராக நிலைத்துவிட்டது.

தாய்மாமன் சாதாரணமானவர் அல்லர். வயலின் வாத்தியத்தில் அக்காலத்தில் தனிப்பெரும் மேதையாகத் திகழ்ந்த திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரே அவர். குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளை அந்த இசை இல்லத்திலேயே சீனிவாசன் கழித்தார். 1913ஆம் ஆண்டில் மாமன் இறைவனடி சேர்ந்தபோது குழந்தைக்கு வயது ஐந்துகூட நிறையவில்லை. அதன் பின்னர் அவர் பெற்றோருடன் செம்மங்குடிக்குச் சென்று வளரலானார். மாமனிடம் முறையாகப் பயிலும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், நல்ல இசை எப்படி இருக்கும் என்பதைப் பேச்சுப் பழகும் வயதிலேயே அவர் செவி அறிந்துகொண்டது.

பாட்டு வேண்டாம் என்ற அறிவுரை

எட்டு வயதில் முறையான இசைப் பயிற்சி தொடங்கியது. கிருஷ்ண ஐயரின் மாணவரும் உறவினருமான செம்மங்குடி நாராயணசாமி ஐயர் முதல் ஆசானாக அமைந்தார். அவரும் வயலின் கலைஞரே. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியாகப் பாடம் நடந்தது. ஆனால், சிறுவனின் குரலைக் கேட்ட மூத்த கலைஞர்கள் நம்பிக்கை கொள்ளவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு வாய்ப்பாட்டில் முன்னேற இயலாது, ஏதேனும் ஒரு வாத்தியத்தைப் பழகுவதே நலம் என்று அறிவுரை கூறியோரும் இருந்தனர்.

அந்த அறிவுரையில் நியாயம் இல்லாமல் இல்லை. 1920ஆம் ஆண்டுகளில் ஒலிபெருக்கி பரவலாகப் பயன்பாட்டிற்கு வந்திருக்கவில்லை. கோயில் பிராகாரத்திலும் திருமணப் பந்தலிலும் கூடியிருக்கும் நூற்றுக்கணக்கானோருக்குப் பாடகர் தம் தொண்டையின் வலிமையாலேயே பாட்டைக் கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. உயர்ந்த சுருதியில் கணீரென்று ஒலிக்கும் குரலுக்கே அன்று மதிப்பு. அத்தகைய குரல் இல்லாத ஒருவன் பாடகனாக விரும்புவது, நீச்சல் அறியாதவன் காவிரி வெள்ளத்தில் இறங்குவது போன்றதென்றே பெரியோர் கருதினர்.

சீனிவாசன் இந்த உண்மையை மறுத்து மனக்கோட்டை கட்டவில்லை. மனமுடைந்து பாட்டைக் கைவிடவும் இல்லை. குறை எங்கே உள்ளது என்பதை அறிந்து, அதனை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செப்பனிடும் வழியை மேற்கொண்டார். அதுவே சாதகம் எனப்படும் இடைவிடாப் பயிற்சியாகும். சொற்களின்றி அகாரத்தால் சுரங்களை நீட்டிப் பாடுவதும், ஒரே வரிசையை மூன்று காலங்களிலும் மாறி மாறிப் பாடுவதும் வாய்ப்பாட்டுச் சாதகத்தின் அடிப்படை. இப்பயிற்சியில் இன்றைக்கும் நேற்றைக்கும் வேறுபாடு தெரியாது. பல மாதங்கள் கழிந்த பின்னரே தொண்டை சற்று இளகியிருப்பது புலப்படும். பலர் பொறுமை இழந்து விலகுவதும் இவ்விடத்திலேதான். சீனிவாசன் அந்த இடத்தைக் கடந்தார்.

நல்லாசான்கள் வாய்த்த பேறு

செம்மங்குடியாரின் இசை வாழ்வில் பெருந்திருப்பத்தை ஏற்படுத்தியவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். அவர் கோட்டுவாத்தியக் கலைஞர். இன்று சித்திர வீணை என்றும் வழங்கப்படும் அவ்வாத்தியத்தில் வீணையைப் போல் மெட்டுகள் இல்லை. வழவழப்பான கட்டை ஒன்றைத் தந்திகளின் மேல் நகர்த்தியே சுரங்களை எழுப்ப வேண்டும். விரலுக்கு வழிகாட்ட மெட்டுகள் இல்லாததால், சுரத்தின் இடத்தைச் செவி ஒன்றே கண்டறிய வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்கு இழை அறாமல் வழுக்கிச் செல்லும் கமகம் அவ்வாத்தியத்தின் சிறப்பு. மனிதக் குரலுக்கு மிக நெருங்கிய நாதம் அது. இனிமை குறைந்த குரலையுடைய மாணவனுக்குச் சுருதிச் சுத்தமும் கமகச் செழுமையும் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை விளக்க வேண்டியதில்லை. குரல் அளிக்க மறுத்த அழகை இராகத்தின் வடிவமே அளிக்கும் வித்தையை அவர் அங்கே கற்றார்.

அடுத்து உமையாள்புரம் சுவாமிநாத ஐயரிடம் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. தியாகராஜ சுவாமிகளின் நேர்ச் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் ஆகியோரிடம் பாடம் கேட்டவர் சுவாமிநாத ஐயர். ஆகவே, தியாகராஜ கிருதிகளின் தூய பாடம் செம்மங்குடியாருக்கு இரண்டே தலைமுறை இடைவெளியில் வந்து சேர்ந்தது. பின்னர் மகாராஜபுரம் விசுவநாத ஐயரிடம் சேர்ந்தார். கற்பனை வளத்திற்குப் பெயர்பெற்ற விசுவநாத ஐயருடன் பழகியதால், பாடம் செய்த பாட்டை ஒப்புவிப்பதோடு நில்லாமல், மேடையில் இராகத்தைத் தாமே வளர்த்துச் செல்லும் ஆற்றலும் கைவரப்பெற்றார்.

ஓர் ஆசானிடம் சாகித்தியம், ஓர் ஆசானிடம் கமகம், மற்றோர் ஆசானிடம் மனோதர்மம் என்று இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்தன. இப்பெரியோர் அனைவரும் கும்பகோணத்தைச் சூழ்ந்த காவிரிப் படுகையிலேயே வாழ்ந்தனர் என்பதும் இங்கே எண்ணத்தக்கது. இசைக் குடும்பத்தில் பிறந்ததும் பேராசான்கள் அருகில் இருந்ததும் அவருக்கு வாய்த்த நற்பேறுகள். உழைப்பு அந்தப் பேறுகளை வீணாக்காமல் காத்தது.

பத்தாண்டுப் பயிற்சிக்குப் பின் முதல் மேடை

1926ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் அவருடைய முதல் கச்சேரி நடைபெற்றது. அப்போது அவருக்கு வயது 18. எட்டு வயதில் தொடங்கிய கல்வி, பத்தாண்டுகள் கழித்தே அவரை மேடையில் அமர்த்தியது.

அடுத்த ஆண்டிலேயே ஒரு பெரும் வாய்ப்பு வந்தது. 1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னையில் இந்திய தேசிய காங்கிரஸ் மாநாடு கூடியபோது, அதனையொட்டி இசை மாநாடும் நடைபெற்றது. மறு ஆண்டில் சென்னை சங்கீத வித்துவ சபை எனப்படும் மியூசிக் அகாடமி தோன்றுவதற்கு அந்த மாநாடே வித்திட்டது. அங்கே பாடிய இளைஞர் செம்மங்குடியாரின் பெயர் அறிஞர்களிடையே பரவலாயிற்று. ஒரே நாளில் வந்த புகழ் போலத் தோன்றினாலும், அதற்கு முன்பு கேட்போர் எவருமின்றிப் பாடிய ஆயிரக்கணக்கான விடியற்காலைகள் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது.

அக்காலம் போட்டி மிகுந்த காலம். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலிய ஜாம்பவான்கள் மேடையில் கோலோச்சிக்கொண்டிருந்தனர். மின்னல் வேகக் குரல் படைத்த ஜி.என்.பாலசுப்பிரமணியமும், தேனாய் இனிக்கும் சுரங்களைப் பொழிந்த மதுரை மணி ஐயரும் இளம் தலைமுறையில் உதித்தனர். இவர்களுள் எவரையும் போலப் பாட முயல்வது தம் குரலுக்குப் பொருந்தாது என்பதைச் செம்மங்குடியார் நன்கு உணர்ந்திருந்தார். கனத்த குரலுக்கு ஏற்ற கம்பீரமும், அழுத்தமான கமகமும், பாவம் ததும்பும் நிரவலும் கொண்ட ஒரு பாணியைத் தமக்கெனச் சமைத்துக்கொண்டார். கரகரப்பிரியா போன்ற இராகங்களை அவர் விரித்துப் பாடும்போது குரலின் கரகரப்பு கேட்போர் நினைவில் நிற்பதில்லை. இராகத்தின் திருவுருவமே கண்முன் நிற்கும்.

திருவனந்தபுரத்தின் அழைப்பு

1934ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மகாராணி சேது பார்வதி பாயி அவர்கள் செம்மங்குடியாரின் கச்சேரியைக் கேட்டு மகிழ்ந்தார். சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனைகளைத் தொகுத்துப் பரப்பும் பணிக்காக அவரைத் திருவனந்தபுரத்திற்கு வருமாறு அழைத்தார்.

1813 முதல் 1846 வரை வாழ்ந்த சுவாதித் திருநாள், பத்மநாப சுவாமியைப் போற்றி எண்ணற்ற கீர்த்தனைகளை இயற்றிய அரசர். அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு நெருங்கிய நிலையில் அவற்றுள் பல மக்கள் செவிக்கு எட்டாமலே இருந்தன. ஆலயத்தில் பரம்பரையாகப் பாடிவந்த பாகவதர் குடும்பத்தினர் சிலவற்றைக் காத்து வந்தனர். வேறு பலவற்றிற்குச் சொற்கள் இருந்தும் மெட்டு மறைந்துபோயிருந்தது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதருடன் இணைந்து, கிடைத்தவற்றைச் செப்பஞ்செய்து, மெட்டு இல்லாதவற்றிற்கு மெட்டமைத்து, சுரக்குறிப்புடன் வெளிவரச் செய்யும் பணியில் செம்மங்குடியார் ஈடுபட்டார்.

கச்சேரி மேடையில் ஒரு மாலைப் பொழுதில் கிடைக்கும் பாராட்டு இத்தகைய பணியில் கிடைப்பதில்லை. ஏட்டையும் தாளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு பாட்டுக்குப் பல நாள் செலவிட வேண்டும். புகழ் ஏணியில் விரைந்து ஏறிக்கொண்டிருந்த இளம் பாடகர் அப்பணியை ஏற்றது அவருடைய மனப்பக்குவத்தைக் காட்டுகிறது.

1939ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கழகம் தொடங்கப்பெற்றது. முத்தையா பாகவதர் அதன் முதல் தலைவராக விளங்கினார். அவரைத் தொடர்ந்து அப்பொறுப்பை ஏற்ற செம்மங்குடியார் 1963ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார். பின்னர் அது ஜி.என்.பாலசுப்பிரமணியம் அவர்களிடம் சென்றது. பகலில் மாணவர்க்குப் பாடம், மற்ற நாள்களில் ஊர் ஊராகக் கச்சேரி என்று அவர் வாழ்வு அமைந்தது. இசைக் கலைஞரின் வருவாய் நிலையற்றது. கச்சேரி உண்டு என்றால் வருவாய் உண்டு. கற்பித்தல் என்னும் நிலையான தொழில், கலையைத் தாழ்த்தாமல் கலைஞரின் வாழ்வைத் தாங்கி நிற்கும் என்பதற்கு அவர் வாழ்வு நல்ல எடுத்துக்காட்டாகும்.

கைதட்டல் இல்லாத மண்டபம்

திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் நவராத்திரியின்போது, பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி தேவியின் திருவுருவம் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, பத்மநாப சுவாமி ஆலயத்தின் அருகிலுள்ள நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருளச் செய்யப்படுகிறது. கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட மூர்த்தி அது என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. ஒன்பது மாலைகளிலும் தேவியின் சந்நிதியில் கச்சேரி நடைபெறும். சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது நவராத்திரிக் கீர்த்தனைகளுள் நாளுக்கு ஒன்று முதன்மையாகப் பாடப்பெறும். முதல் நாள் சங்கராபரணம், அடுத்த நாள் கல்யாணி என்று தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபியில் நிறைவுறும்.

அம்மண்டபத்தின் மரபு தனித்தன்மை வாய்ந்தது. பாடும் ஆடவர் மேற்சட்டை அணியாமல் வேட்டியுடன் அமர்வர். பாட்டு எத்துணை சிறப்பாக அமைந்தாலும் எவரும் கைதட்டுவதில்லை. அங்கே கேட்பவள் கலைமகள். மற்றவர்கள் உடனிருப்போர் மட்டுமே. செம்மங்குடியார் பல ஆண்டுகள் அம்மண்டபத்தில் பாடி, அந்நவராத்திரி இசை மரபு தழைத்தோங்கத் துணைநின்றார். பெருங்கூட்டத்தின் கரவொலியைப் பெற்ற ஒருவர், கரவொலியே இல்லாத சந்நிதியிலும் அதே ஈடுபாட்டுடன் பாடியதில் ஆழ்ந்த பொருள் உள்ளது. பாராட்டை எதிர்பார்த்துப் பாடுபவனுக்கு அது கிட்டாத நாளில் பாட்டும் தளர்ந்துவிடும். வழிபாடாகப் பாடுபவனுக்கு அத்தளர்ச்சி இல்லை.

தாமே வந்தடைந்த சிறப்புகள்

1947ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமி தன் மாநாட்டிற்குச் செம்மங்குடியாரைத் தலைமை ஏற்கச் செய்து சங்கீத கலாநிதி விருதை வழங்கியது. அப்போது அவருக்கு வயது 39. 1953ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாடமி விருதும், 1969ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும், 1990ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. இறுதியாகக் கூறிய விருது வந்தபோது அவர் 80 வயதைக் கடந்திருந்தார்.

விருதுகளினும் மேலான சிறப்பு அவர் உருவாக்கிய மாணவர் பரம்பரையாகும். இசையரசி எம்.எஸ்.சுப்புலட்சுமி அவரிடம் பாடம் கேட்டவர். டி.எம்.தியாகராஜன், பி.எஸ்.நாராயணசாமி முதலியோர் அவருடைய மாணவர்களாக விளங்கிப் பின்னர் தாமும் பலருக்கு ஆசான்களாயினர். வயலின் மேதை டி.என்.கிருஷ்ணனின் இளமைக்கால வளர்ச்சியிலும் செம்மங்குடியாரின் ஆதரவு உண்டு.

90 வயதைத் தாண்டிய பின்னரும் அவர் மேடையில் அமர்ந்து பாடினார். இளமையில் இனிய குரல் பெற்றிருந்த பலர் முதுமையில் அதனை இழந்து வருந்துவது உலக இயல்பு. செம்மங்குடியாரின் இசை தொடக்கத்திலிருந்தே குரலினிமையை நம்பி நிற்கவில்லை. சுருதி, இலயம், இராக பாவம் ஆகியவற்றின் மேல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. ஆதலால், உடல் தளர்ந்தபோதும் இசை தளரவில்லை. 2003ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில், தமது 95ஆம் வயதில் அவர் இறைவனடி எய்தினார்.

அவர் வாழ்வு உணர்த்தும் பாடம்

செம்மங்குடியாரின் வரலாற்றைப் படிக்கும்போது, உழைத்தால் எவரும் அவரைப் போல் உயரலாம் என்று எளிதாகக் கூறிவிடத் தோன்றும். அவ்வாறு கூறுவது உண்மையாகாது. அவருக்கு அடித்தளம் இட்ட நாராயணசாமி ஐயரும் இசைக்காகவே உழைத்தவர். எனினும், அவர் பெயரை இன்று அறிந்தோர் சிலரே. கமகத்தின் நுட்பத்தை ஊட்டிய சகாராம ராவின் பெயரும் மாணவரின் புகழைப் போல் பரவவில்லை. புகழ் என்பது உழைப்போர் அனைவருக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படும் பிரசாதம் அன்று. ஆயினும், அவ்விருவர் உழைப்பும் வீண்போகவில்லை. மாணவரின் குரலில் அது முக்கால் நூற்றாண்டு ஒலித்தது.

ஆகவே, இசை பயிலும் பிள்ளைகளிடம் பெற்றோர் எதிர்பார்க்கத்தக்கது எது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். மேடையும் மாலையும் விருதும் வரலாம், வராமலும் போகலாம். அவற்றை எவராலும் உறுதி கூற இயலாது. நாள்தோறும் ஒரு மணி நேரம் சுருதியுடன் அமர்ந்து பயின்றால், ஈராண்டில் சுரம் நிலைக்கும். ஐந்தாறு ஆண்டுகளில் இராகத்தின் உருவம் மனத்தில் பதியும். பத்தாண்டில் தன் குரலின் எல்லை எது, வலிமை எது என்பது தெளிவாகும். அதன் பின்னர் அப்பிள்ளை மேடைக் கலைஞராகலாம், ஆசிரியராகலாம், ஆலயத்தில் பக்தியுடன் பாடும் அடியாராகலாம், நல்ல இசையை அறிந்து சுவைக்கும் இரசிகராகலாம். இவற்றுள் எதுவும் தோல்வி அன்று.

குரல் கரகரக்கிறது என்பதற்காக எந்தப் பிள்ளையையும் இசை வகுப்பிலிருந்து நிறுத்திவிட வேண்டாம். இனிய குரல் இருக்கிறது என்பதற்காக எந்தப் பிள்ளையையும் பயிற்சி முதிரும் முன்னே மேடையில் ஏற்றிவிடவும் வேண்டாம். கலைமகளின் சந்நிதியில் வீணையும் ஏடும் வைத்து வணங்கும் இந்நன்னாளில், நாளை காலை பயிற்சிக்கு அமரும் உறுதியையும் அவள் திருவடியில் வைத்து வணங்குவோமாக.